முப்பது நிமிடம்: ஆட்டிசம் ஆய்வுகளும் அம்மாக்களின் கணக்கும்

சேலத்தில் ஒரு சிகிச்சை மையத்தில் என் அக்காவிடம் கொடுத்தனுப்பிய ஜெராக்ஸ் தாள் ஒன்று என் மேசைமேல் கிடக்கிறது. ஏழு நாளுக்கு ஏழு கட்டங்கள். தாய் தினமும் குறைந்தது 30 நிமிடம் குழந்தையோடு தரையில் உட்கார்ந்து விளையாட வேண்டும் என்று மேலே அச்சாகியிருக்கிறது. எத்தனை நிமிடம் விளையாடினாள் என்று அவள் கட்டத்துக்குள் எழுத வேண்டும். அக்கா சேர்வராயன் மலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறாள். பையனுக்கு நாலு வயசு. பேச்சு ஏழெட்டுச் சொல்லைத் தாண்டவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். காப்பிப் பழத்தை வரிசையாக அடுக்க ஆரம்பித்தால் மதியம் வரைக்கும் அதே வேலை. ஆட்டிசம் என்றார்கள். தாளை என்னிடம் காட்டி அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “நான் தரையில உக்காந்துட்டா அடுப்ப யாருடா பாக்குறது?”

அன்றைக்கு அதைச் சிரித்துக் கடந்துபோனேன். ஃபூக்கோவைச் சிறுபத்திரிகை மொழிபெயர்ப்பிலும் அரைகுறை ஆங்கிலத்திலும் படித்து வளர்ந்த என் போன்றவனுக்கு அந்தத் தாளைப் பார்த்ததும் சொல்வதற்கு வாக்கியங்கள் தயாராக இருந்தன. கட்டம் போட்டு அடைக்கப்பட்ட காலம், வீட்டுக்குள் நுழையும் கண்காணிப்பு, இயல்பு / பிறழ்வு என்ற எதிர்வு. 1973-74இல் பாரிஸில் நிகழ்த்திய உரைகளில் ஃபூக்கோ ஒன்று சொல்கிறார்: மனநல மருத்துவத்தின் அதிகாரம் சமூகம் முழுக்கப் பரவியது பைத்தியக்காரன் வழியாக அல்ல, ‘மந்தபுத்தி’ என்று பெயர் சூட்டப்பட்ட குழந்தை வழியாகத்தான். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தச் சொல்லாடலில் அடுப்பு எங்கே இருக்கிறது? மருத்துவரையும் குழந்தையையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு, நடுவில் உட்கார்ந்திருக்கிற பெண்ணை என் கோட்பாடும் பார்க்கவில்லை. அந்தத் தாளாவது அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. ‘ஆரம்பகால இடையீடு’ என்று இன்று வழங்கும் ஆராய்ச்சியின் வரலாற்றை அவளுடைய நேரத்தின் வரலாறாக வாசிக்க முடியுமா என்று பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

(இடையீடு என்ற சொல்லையே கவனியுங்கள். தமிழில் அதற்குத் தடை, முறிவு என்ற பழைய பொருள்கள் உண்டு. அரசாங்கம் அதைக் குறுக்கே போய் உதவுவது என்ற பொருளில் பலகையில் எழுதி மாட்டியிருக்கிறது. இரண்டு பொருளுமே பொருந்திவிடுகின்றன.)

*

வழக்கமாக இந்த வரலாற்றை 1800இல் தொடங்குவார்கள். தெற்குப் பிரான்சில் அவேரோன் பகுதியில் காட்டில் அலைந்து பிடிபட்ட, பேச்சில்லாத ஒரு சிறுவன். பாரிஸில் காதுகேளாதோர் பள்ளியில் இருந்த இளம் மருத்துவர் இத்தார் அவனுக்கு விக்தோர் என்று பெயரிட்டு ஐந்தாண்டுகள் போலப் பயிற்சி கொடுத்தார். 1801லும் 1806லும் எழுதிய அறிக்கைகள் இன்றும் படிக்கப்படுகின்றன. த்ரூஃபோவின் 1970ஆம் ஆண்டுத் திரைப்படத்தைத் திரைப்படச் சங்கங்களில் பார்த்தவர்களுக்கு இத்தாரின் முகமே த்ரூஃபோவின் முகம்தான், ஏனென்றால் அவரே நடித்தார்.

அந்தப் படத்திலும் அறிக்கைகளிலும் ஓரமாக ஒரு பெண் வந்துபோகிறாள். மதாம் கெரான். பையனுக்குச் சோறு போட்டது, குளிப்பாட்டியது, உலாவக் கூட்டிப்போனது, அவன் அழுதபோது பக்கத்தில் இருந்தது எல்லாம் அவள். இத்தார் எழுத்துகளையும் அட்டைகளையும் வைத்துப் பாடம் நடத்திய மணிகள் அறிக்கையில் இருக்கின்றன. மிச்ச மணிகள் அவளுடையவை. பேச்சு வரவில்லை என்று தெரிந்ததும் இத்தார் விலகிக்கொண்டார். அரசு கொடுத்த சிறு உதவித்தொகையோடு கெரான் அவனைத் தொடர்ந்து வைத்துக்கொண்டாள், 1828இல் அவன் சாகிறவரை. ஆராய்ச்சி முடிந்து இருபதாண்டுக்குமேல் அவள் வேலை முடியவில்லை. வரலாறு எழுதுகிறவர்கள் இத்தாரின் தோல்வி என்று எதைச் சொல்கிறார்களோ அதற்குள்ளேதான் ஒரு மனிதன் தன் ஆயுளை முழுசாக வாழ்ந்திருக்கிறான்.

இத்தாரின் வழிவந்த செகான், அவர் எழுத்துகளைப் படித்த மரியா மாண்டிசோரி என்று அந்தக் கிளை நீள்கிறது. ரோமில் ‘குறைபாடுள்ளவர்கள்’ என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளிடம் செய்து பார்த்த முறையைத்தான் மாண்டிசோரி எல்லாக் குழந்தைகளுக்குமாக விரித்தார். 1939இல் அடையாற்றுக்கு வந்தவர் உலகப்போரில் இங்கேயே மாட்டிக்கொண்டு, 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் இருந்தார். ஆக அவேரோன் காட்டுச் சிறுவனுக்காகச் செதுக்கிய எழுத்தட்டை தமிழ்நாட்டு மலையொன்றுக்கு வந்து சேர்ந்துவிட்டது. பிறகு அது காசுள்ளவர் வீட்டுப் பிள்ளைகளின் பள்ளியானது. யாருக்காகப் பிறந்ததோ அந்தக் குழந்தைக்கு ‘இங்கே இடமில்லை, ஸ்பெஷல் ஸ்கூல் பாருங்கள்’ என்று அதே மாண்டிசோரி பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று சொல்கிறார்கள். எங்கள் பையனுக்குச் சொன்னார்கள். பள்ளியின் பெயர் வேண்டாம்.

*

மாண்டிசோரி கொடைக்கானலில் இருந்த அந்த வருடங்களில் இன்னும் மூன்று இடங்களில் மூன்று பேர் எழுதிக்கொண்டிருந்தார்கள். 1943இல் பால்டிமோரில் லியோ கேனர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதினார். எட்டு ஆண், மூன்று பெண். 1944இல் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர். அதே 1944இல் டார்ஜிலிங்கில் ஏ. ரொனால்ட். வியன்னாவிலிருந்து வந்த குழந்தை மருத்துவர். ‘அசாதாரணக் குழந்தைகள்’ பற்றி இந்திய மருத்துவ இதழ் ஒன்றில் அவர் எழுதியதை, இந்தியாவில் ஆட்டிசத்தின் முன்வரலாறாக ஆய்வாளர்கள் இன்று சுட்டுகிறார்கள். (இவர்களுக்கெல்லாம் முன்னால், 1920களிலேயே, மாஸ்கோவில் குருன்யா சுகாரேவா என்ற பெண் மருத்துவர் எழுதியது பல பத்தாண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. அது தற்செயல் என்று நான் நம்பவில்லை.)

இதில் ஆஸ்பெர்கரிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். 2018இல் ஹெர்விக் செக் என்ற வரலாற்றாசிரியர் வியன்னா ஆவணங்களைப் புரட்டி வெளியிட்ட கட்டுரையும், அதே ஆண்டில் வந்த ஈடித் ஷெஃபரின் நூலும் அவரைப் பற்றிய பழைய புனிதக் கதையாடலைக் கலைத்துவிட்டன. குழந்தைகளைக் கொன்ற ஸ்பீகல்குருண்ட் நிலையத்துக்கு அவர் கையெழுத்துப்போட்டு அனுப்பியவர்களில் மூன்று வயது நிரம்பாத ஒரு பெண் குழந்தையும் உண்டு. 1941 ஜூனில் அனுப்பினார். செப்டம்பரில் அவள் இறந்துவிட்டாள். அனுப்பியதற்கு அவர் எழுதிய காரணம் என்ன தெரியுமா? ஆரோக்கியமான ஐந்து பிள்ளைகளைக் கவனிக்க வேண்டிய தாய்க்கு இந்தக் குழந்தை தாங்கமுடியாத சுமையாக இருக்கும் என்பது.

அம்மாவின் நேரம் மருத்துவக் குறிப்பில் தெளிவாக, ஒரு காரணமாக, எண்ணிக்கையோடு பதிவாகிற இடம் இது. அதை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று பாருங்கள். அவளுக்கு இன்னும் இரண்டு கை கொடுப்பதற்கல்ல. ‘சுமை’ என்ற சொல்லை நம் கருத்தரங்குகளிலும் அரசுத் திட்ட அறிக்கைகளிலும் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அதே வியன்னா மருத்துவமனையில் குழந்தைகளோடு நாள் முழுக்கப் பாட்டும் ஆட்டமுமாக இருந்து, அந்தச் சிகிச்சை முறைக்கே உயிர்கொடுத்தவர் விக்டோரின் ஸாக் என்ற செவிலியர். 1944இல் குண்டுவீச்சில் இறந்தார். அவர் பெயரில் எந்த நோய்க்குறியும் இல்லை.

டார்ஜிலிங் என்றதும் எனக்கு ஏற்காடுதான் நினைவுக்கு வரும். வெள்ளைக்காரக் குழந்தை சமவெளி வெயிலில் ஐந்தாறு வயதுக்குமேல் வளர்ந்தால் உடம்பும் புத்தியும் கெட்டுவிடும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவம் நம்பியது. அந்த நம்பிக்கையின் கட்டடங்கள்தான் மலைப் பள்ளிகள். சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820களில் காப்பியைக் கொண்டுவந்த இதே மலையில் மான்ட்போர்ட் பள்ளி 1917இல் தொடங்கியது. குளிர்ந்த காற்று, நேரத்துக்குச் சாப்பாடு, மணியடித்தால் விளையாட்டு. குழந்தையின் வளர்ச்சி திசைமாறிப் போகுமுன்னே இடத்தை மாற்றிச் சரிசெய்வது. அதை ஆரம்பகால இடையீடு என்று சொன்னால் என்ன தப்பு? சுவருக்கு வெளியே காப்பிக் களத்தில் புழுதியில் விளையாடிய பிள்ளைகளுக்கு வளர்ச்சி என்று ஒன்று இருப்பதாகவே யாரும் அப்போது நினைக்கவில்லை. அன்றைக்கு வளர்வதற்காகப் பிள்ளைகள் மலையேறி வந்தார்கள். இன்றைக்கு அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்குகிறாள்.

*

போருக்குப் பிந்தைய காலத்தில் அம்மா நேரடியாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டாள். கேனரின் பதினொரு குழந்தைகளின் பெற்றோர் பெரும்பாலும் படித்து உயர்ந்தவர்கள். அவர்களின் ‘சில்லிட்ட’ தன்மையை அவரே குறிப்பிட்டிருந்தார். சிகாகோவில் புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் எழுதிய நூல் அதை முழுக் கோட்பாடாக்கியது: அம்மாவின் அன்பின்மையே நோய், அம்மாவிடமிருந்து பிரிப்பதே மருந்து. 1964இலேயே பெர்னார்ட் ரிம்லண்ட் இது மூளையின் உயிரியல் என்று வாதிட்டிருந்தார். அவரே ஓர் ஆட்டிசக் குழந்தையின் தகப்பன். வட கரோலினாவில் எரிக் ஷாப்ளர் பெற்றோரையே துணைச் சிகிச்சையாளர்களாகக் கூட்டிக்கொண்டார். இந்தக் கதை பலமுறை சொல்லப்பட்டுவிட்டது.

அதிகம் பேசப்படாதது அதற்குப் பின் வந்த எண். 1987இல் ஓ. ஐவர் லோவாஸ் கலிஃபோர்னியாவிலிருந்து ஓர் ஆய்வை வெளியிட்டார். நாலு வயசுக்குட்பட்ட 19 குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரம், இரண்டு வருடமோ அதற்குமேலோ, ஒருவருக்கு ஒருவர் பயிற்சி. அவர்களில் 9 பேர் சாதாரணப் பள்ளியில் முதல் வகுப்பு தேறி, ‘இயல்பான’ நுண்ணறிவு எண்ணை எட்டினார்கள் என்றார். உலகமெங்கும் பெற்றோர்கள் இந்த ஒன்பதைப் பிடித்துக்கொண்டார்கள். குழந்தைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை, உரத்த அதட்டலும் தொடையில் அடியும் அந்தச் சிகிச்சைக்குள் இருந்தன என்பதெல்லாம் பின்னால் விவாதமாயின. நான் கவனித்தது வேறொன்று. 40 மணி நேரம் என்பது அமெரிக்கச் சட்டத்தில் ஒரு தொழிலாளியின் வாரம். மாணவப் பயிற்சியாளர்களின் நேரம் அது. பெற்றோருக்கும் பயிற்சி தரப்பட்டதால் குழந்தை விழித்திருக்கும் நேரம் கிட்டத்தட்ட முழுக்க, வருடம் 365 நாளும் சிகிச்சை நடக்க முடிந்தது என்று அதே கட்டுரை சொல்கிறது. ஆக நாற்பது என்பது எண்ணப்பட்ட நேரம் மட்டும். எண்ணப்படாத மணிகள் யாருடையவை என்று கேட்க கெரானை நினைத்துக்கொண்டால் போதும்.

எண்கள் பின்னர் இறங்கிவந்தன. சாலி ரோஜர்ஸ், ஜெரால்டின் டாசன் முதலியோர் 48 சின்னஞ்சிறு குழந்தைகளிடம் விளையாட்டு வழியாகச் செய்த சோதனை 2010இல் வந்தது. அதே ஆண்டு இங்கிலாந்தில் ஜோனதன் கிரீன் குழுவினர் 152 குழந்தைகளிடம், அம்மா அப்பாவுக்கு மட்டும் பயிற்சி தரும் முறையைச் சோதித்தார்கள். குழந்தையின் அறிகுறிகளில் அப்போது பெரிய மாற்றம் தெரியவில்லை. ஆறேழு வருடம் கழித்துத் திரும்பப் பார்த்தபோது கொஞ்சம் தெரிந்தது. 2020இல் சாண்ட்பாங்க் குழுவினர் 150 அறிக்கைகளை மொத்தமாகச் சல்லடையில் போட்டுச் சலித்தார்கள். கடுமையான தரத்தை வைத்தால் தேறுவது குறைவு. பயன் இல்லை என்று இதற்குப் பொருளல்ல. பயன் உண்டு, சின்னதாக, மெதுவாக, குழந்தைக்குக் குழந்தை வேறுபட்டு. அற்புதம் என்று விற்றவர்கள்தான் காணாமல்போனார்கள். போன தடவை சேலம் போனபோது சுவரொட்டி ஒன்று கண்ணில் பட்டதால், அவர்கள் இன்னும் முழுசாகப் போகவில்லை என்றும் சொல்ல வேண்டும்.

*

நம் ஊர்க் கதை கொஞ்சம் வேறு. மேலைநாட்டுப் பைத்தியக்கார விடுதி குடும்பத்தை வெளியே நிறுத்தியது. அமிர்தசரஸில் 1950களில் மருத்துவர் வித்யா சாகர் நோயாளியின் குடும்பத்தையும் மருத்துவமனை மைதானத்தில் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையமும் 1950களின் இறுதியில் தொடங்கியதிலிருந்து உறவினர் கூடவே தங்கும் வழக்கத்தை வைத்துக்கொண்டது. அங்குள்ள குழந்தைகள் பிரிவில் பிள்ளையோடு பெற்றோரும் தங்கிப் பயிற்சி பெறுகிறார்கள். அங்கிருந்து 1999இல் வந்த ஓர் ஆய்வு, அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோர் 57 பேரை இரண்டாகப் பிரித்து, வெறும் சொற்பொழிவைவிட உட்கார்ந்து பேசும் குழு முறையே பெற்றோரின் மனப்பான்மையை மாற்றுகிறது என்று காட்டியது. சென்னையில் 1989இல் தொடங்கிய மதுரம் நாராயணன் மையம் ஆறு வயசுக்குட்பட்ட பிள்ளைகளை அம்மாவோடு சேர்த்தே கூப்பிட்டது. ஆய்க்குடி அமர் சேவா சங்கம் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீட்டுக்கு வீடு அனுப்புகிறது.

இதை ‘நம் குடும்பப் பண்பாடு’ என்று மெச்சிக்கொள்வதில் ஒரு வழுக்கல் இருக்கிறது. குடும்பம் உள்ளே வந்ததற்குப் பண்பாடு ஒரு காரணம் என்றால், தாதிகளும் பணமும் பற்றாமல் போனது இன்னொரு காரணம். குடும்பம் என்று எழுதியிருந்தாலும் வராந்தாவில் பாய் விரித்துப் படுத்தது பெரும்பாலும் யார் என்பதை அங்கே போனவர்கள் அறிவார்கள்.

இந்த வழியின் மிக நேர்த்தியான ஆய்வு கோவாவிலும் ராவல்பிண்டியிலும் ஒரே நேரத்தில் நடந்தது. 2016இல் வெளிவந்தது. 65 குழந்தைகள், இரண்டு முதல் ஒன்பது வயதுவரை. இங்கிலாந்து முறையையே எடுத்து, மருத்துவர் அல்லாத உள்ளூர் ஊழியர்களைக் கொண்டு பன்னிரண்டு சந்திப்புகளில் செய்து பார்த்தார்கள். அம்மாவும் குழந்தையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, அதை அம்மாவோடு சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். நீ எங்கே காத்திருந்தாய், எங்கே முந்திக்கொண்டாய் என்று அவளே பார்க்க வேண்டும். குழந்தையை மாற்று என்று சொல்வதில்லை. அவன் கவனம் போகிற பக்கம் நீ போ என்கிறார்கள். இந்த அறம் எனக்குப் பிடித்திருக்கிறது. அம்மாக்கள் குழந்தையின் போக்குக்கு இசைந்து பேசுவது நன்றாகக் கூடியது. குழந்தைகள் தாங்களாக முன்வந்து தொடர்புகொள்வதும் கூடியது. ஆனால் இருவரும் ஒன்றையே சேர்ந்து கவனிக்கும் நேரம் குறைந்துபோனது. அதையும் மறைக்காமல் அச்சிட்டார்கள்.

நிபுணர் தன் வேலையை ஊழியரிடம் கைமாற்றுகிறார். உலக மனநல இயக்கத்தில் இதற்குப் பணிப்பகிர்வு என்று பெயர். ஊழியர் அம்மாவிடம் கைமாற்றுகிறார். அம்மா யாரிடம் கைமாற்றுவாள்? என் அக்கா வீட்டில் ஆறாம் வகுப்பு படிக்கிற பெரிய பெண்ணிடம். தாளைப் படித்துக் காட்டுவதும் அவள்தான், சாயங்காலம் தம்பியோடு தரையில் உட்காருவதும் அவள்தான்.

2013இல் மத்திய அரசு சிறார் உடல்நலத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, மாவட்டந்தோறும் இடையீட்டுச் சேவை மையம் என்றது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஆட்டிசத்தைத் தனி வகையாகவே அங்கீகரித்தது. குறை சொல்ல மாட்டேன், எங்களுக்கு வழி காட்டியதே அங்கன்வாடிக்கு வந்த பரிசோதனைக் குழுதான். ஆனால் மாவட்டம் என்ற அலகு சமவெளியின் அலகு. மலையிலிருந்து ஒரு முறை போய்வருவது ஒரு நாள் கூலி. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஐம்பது பெண்களுக்குமேல் வேலை செய்யும் தோட்டத்தில் ஆறு வயசுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. வேலை செய்கிற அம்மாவின் பிள்ளைக்கு ஓர் இடமும் ஓர் ஆளும் தேவை என்பது எந்தக் கோட்பாடும் இல்லாமல் அந்தச் சட்டத்துக்குத் தெரிந்திருந்தது. அக்காவின் தோட்டம் அந்த ஐம்பதை எட்டியதே இல்லை.

*

கோவா ஆய்வைப் படித்த ஆர்வக்கோளாறில், போன மழைக்காலத்தில் நான் மொபைலில் அக்காவையும் பையனையும் ஐந்து நிமிடம் படம் எடுத்தேன். அவளிடமே போட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாமல் பார்த்தாள். “நானாடா இம்புட்டுப் பேசுறேன்? அவனுக்கு வாயத் தொறக்கவே நேரம் குடுக்கலயே” என்றாள். அடுத்த நாள் அவன் பழம் அடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவளும் ஒன்றை எடுத்து அவன் வரிசைக்குப் பக்கத்தில் வைத்தாள். சும்மா இருந்தாள். அவன் அவள் வைத்ததைப் பார்த்தான். ஒரு பழத்தை அவள் பக்கம் தள்ளிவிட்டான். தாய்க்கு எல்லாம் தெரியும் என்ற பழைய பாட்டை நான் பாடவில்லை. அவளுக்கு அது தெரிந்திருக்கவில்லை. ஆராய்ச்சி சொல்லித்தான் தெரிந்தது. ஐந்து வாரம்போல அது நடந்தது. அந்த ஐந்து வாரத்தில் புதுசாக மூன்று சொல் வந்தது. அதில் ஒன்று ‘வை’.

நவம்பரில் பழம் பழுத்துவிட்டது. விடிகாலையில் போனால் இருட்டித்தான் வருவாள். பறிப்பு முடிகிறவரை லீவு கேட்க முடியாது. அதனால் அடுத்த முறை சேலத்துக்குப் பையனை நான் கூட்டிப்போனேன். “அம்மா வரலையா?” என்று கேட்டார்கள். வேலை என்றேன். பயிற்சியாளர் சின்னப் பெண், முகம் சுளிக்கவில்லை. “மாமா, வீட்டுத் தாள் கொண்டுவந்தீங்களா?” என்றாள்.

நாலு வாரத் தாள்கள், இருபத்தெட்டுக் கட்டம். பஸ்ஸில் இறங்கும்போதே, வளைவுகளில் பேனா கோணிக்கோணிப் போக, எல்லாவற்றிலும் நானே 30 என்று எழுதியிருந்தேன். இரண்டு மூன்று இடத்தில் நம்புகிற மாதிரி இருக்கட்டும் என்று 25. அவள் அவற்றைக் கூட்டி, ஒரு பதிவேட்டில் ஏற்றிக்கொண்டு, அம்மா நல்லா பண்றாங்க என்றாள்.